கிரில் சாவி யாரிடம் இருக்கிறது?

கிள்ளானில் ஒரு வரிசை வீடு. அம்மா தனியாக இருக்கிறார். ஒரு பிள்ளை சிங்கப்பூரில், இன்னொரு பிள்ளை பெட்டாலிங் ஜெயாவில். இனி இப்படிப்பட்ட வீடுகள் பெருகும். 2030-இல் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தொட்டிருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. "எங்களோடு வந்துருங்கம்மா" என்றால் வரமாட்டார். கோயிலும் மளிகைக்கடையும் பழகிய முகங்களும் இங்கேதான். அவர் பக்கம்தான் நியாயம்.

தள்ளியிருந்து பார்த்துக்கொள்ளப் பலரும் முதலில் வாங்குவது கேமரா. வேண்டாம். உடை மாற்றும்போதும் யாரோ பார்க்கலாம் என்ற வீட்டில் நிம்மதி ஏது? சிறிய அசைவு உணர்கருவி போதும். ஆள் நடமாடும்போது உடற்சூடு இடம் மாறுவதை மட்டும் அது அறியும்; படம் எடுக்காது. கழிவறைக்குப் போகும் வழியில் ஒன்று, சமையலறையில் ஒன்று, ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்த கருவி ஒன்று. தினமும் ஆறு மணிக்குப் பால் எடுக்கத் திறக்கும் கதவு எட்டாகியும் திறக்கவில்லையென்றால் உங்கள் திறன்பேசிக்குச் செய்தி வரும். இரவில் இரண்டு முறை எழுந்தவர் ஐந்து முறை எழுகிறாரா? சிறுநீர்த் தொற்றாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001-லேயே வெந்நீர்க் குடுவையை இதற்குப் பயன்படுத்தியது: பெற்றோர் தேநீருக்கு நீர் எடுத்தால் பிள்ளைக்குத் தகவல் போய்விடும்.

குளியலறை தனிக்கதை. விழுந்ததை உணரும் கைக்கடிகாரத்தைப் பலர் குளிக்கும்போது கழற்றிவிடுகிறார்கள். அங்கே சுவரில் மாட்டும் ரேடார் கருவி நல்லது. தரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் தசை சிதைந்து சிறுநீரகம்வரை கெடலாம்.

சரி, செய்தி வந்துவிட்டது. பிறகு? நம் வீடுகளில் கிரில் கதவுக்கு உள்ளே பூட்டு. 999-ஐ அழைத்தாலும் பூட்டை உடைத்துத்தான் நுழைய வேண்டும். எனவே கருவி வாங்குமுன் நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி கொடுங்கள். வெளியிலிருந்து உள்ளே கைவிட்டு அந்தச் சாவியால் திறக்கும்படி பூட்டை மாற்றுங்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி என்றால் அதே மாடியில் ஒருவர் வேண்டும்.

மின்சாரம் போனால் வைஃபையும் போகும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை மறக்க முடியுமா? பேட்டரியும் சிம் அட்டையும் உள்ள கருவியாகக் கேளுங்கள்.

எதையும் அம்மாவிடம் கேட்டுவிட்டே மாட்டுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ்பெட்டியைத் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள். செய்தி வந்ததிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கிரிலைத் திறக்கும்வரை எத்தனை நிமிடம் என்று எண்ணிப் பாருங்கள்.