விளையாடும்போது அணைந்துபோகும் கணினி

“விளையாட்டு வினையாகும்” என்னும் பழமொழியைப் பெரியோர் எதனைக் கருதிச் சொன்னார்களோ, இன்று நம் வீடுகளிற் கணினியைக் குறித்தே அதனை அதிகமாகச் சொல்லக் கேட்கிறோம். பாடம் படிக்கும்போது பசுப்போல அமைதியாக வேலைசெய்யும் யந்திரம், பிள்ளை விளையாடத் தொடங்கிக் கால்மணி நேரத்தில் ‘டப்’ என்று அணைந்துபோகிறது. உடனே தீர்ப்பும் கிடைத்துவிடுகிறது: விளையாட்டுத்தான் கணினியைக் கெடுத்தது! இவ்வழக்கில் நீதிபதிகள் பெற்றோர், எதிரி பிள்ளை, எதிரிக்காக வாதாட ஒருவருமில்லை.

சென்ற சிறுபோக அறுவடைக் காலத்தில் இத்தகைய வழக்கொன்றிலே தலையிடும்படி நேர்ந்தது. காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில், இருமருங்கும் வயல் சூழ்ந்த மாவடிப்பள்ளியில் உள்ளது அவ்வீடு. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் படிக்கும் என் மாணவன்தான் எதிரி. அவனுடைய வாப்பா கட்டாரில் வேலைசெய்கிறார். அவர் அனுப்பிய பணத்தில், கொழும்பு அலுவலகமொன்றிற் பாவித்துக் கழித்த கணினியொன்றை வாங்கி, பின்னர் பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றையும் அதிலே பூட்டியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் பெரிய விளையாட்டொன்றை ஏற்றிய நாள் முதற் தொல்லை தொடங்கியது. பழுதுபார்ப்பவர் ஒருவர் யந்திரத்தைத் திறவாமலே, “கார்ட் போய்விட்டது, புதிது வாங்கவேண்டும்” என்று சொல்லிவிட்டார். அதன் விலை வாப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் முக்காற்பங்கு.

“இந்தக் கேமை அழிச்சிப்போடுங்க சேர், எல்லாம் செரியாப் பெய்த்திரும். வாப்பாக்கு நான் என்னா சொல்லுற?” என்றார் உம்மா. மூலையிலே இன்னொருவர் வாய் திறவாமல் நின்றார். பையனின் ராத்தா அவர். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் இறுதி ஆண்டு மாணவி. அரையாண்டாகச் செய்துவரும் ஆய்வு முழுவதும் அதே கணினியின் வன்தட்டில் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை.

அதைக் கேட்டதும் விளையாட்டையும் கார்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் அந்த ஆய்வை இரண்டு பென்டிரைவுகளிற் பிரதிசெய்வித்தேன். தட்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் கணத்திலே மின்சாரம் அறுந்தால், எழுதப்படும் கோப்பும் சிதையலாம். கோப்புகளின் அட்டவணையே குழம்பிப்போகவுங்கூடும். வீடு தீப்பற்றியபின் தீயின் காரணத்தை ஆராயலாம். முதலில் தொட்டிலை வெளியே கொண்டுவர வேண்டும்.

பின்னர் பையனிடம் கேட்டேன்: “தம்பி, அது எப்படிச் சாகிறது?” கேள்வி விநோதமாகத் தோன்றலாம். ஆனால் வைத்தியர் நாடியைப் பிடிப்பதுபோல இது மிக அவசியம். விளையாட்டு மாத்திரம் மூடிக்கொண்டு திரை பழையபடி நின்றால், குற்றம் பெரும்பாலும் அந்த விளையாட்டின் கோப்புகளிலோ கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளிலோ இருக்கும். இரண்டையும் புதிதாக ஏற்றிப் பார்க்கலாம். நீலத்திரை தோன்றினால் அதிலுள்ள சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நினைவகமும் இயக்கி மென்பொருளும் முதற் சந்தேகத்துக்குரியவை. எவ்வித எச்சரிக்கையுமின்றி விளக்கை அணைத்ததுபோல அணைந்தால், உஷ்ணம் அல்லது மின்வழங்கி என்று ஐயுற வேண்டும். இங்கு நிகழ்ந்தது இம்மூன்றாவது.

விண்டோசில் ‘ஈவென்ட் வியூவர்’ என்றொரு நாட்குறிப்பு இருக்கிறது. அதனைத் திறந்தபோது ‘கேர்னல் பவர் 41’ என்னும் குறிப்பு வரிசையாக நின்றது. இதைக் கண்டு, ‘மின்வழங்கி பழுது’ என்று உடனே முடிவுசெய்வோர் உளர். அது தவறு. ‘நான் முறைப்படி மூடப்படாமல் நின்றுபோனேன்’ என்பதற்குமேல் அக்குறிப்பு எதுவும் சொல்வதில்லை. மரணச் செய்தியே தவிர, மரண விசாரணை அறிக்கையன்று.

விளையாட்டில் மாத்திரம் ஏன் இந்நோய் வெளிப்படுகிறது? வெறும் பெட்டியோடு வயல்வெளியில் ஓடும் உழவு யந்திரம் குறையெதுவும் காட்டாது. நெல்மூட்டைகளை ஏற்றி வரம்பின்மேல் ஏறச்செய்தாற்றான் அதன் எஞ்சினின் உண்மை தெரியும். கடிதம் எழுதும் வேளையிற் கணினி வெறும் பெட்டியோடு ஓடுகிறது. விளையாட்டிலோ, நொடிக்கு அறுபது படங்களைக் கணித்து வரையவேண்டியிருப்பதால், கிராபிக்ஸ் கார்டும் புரொசஸரும் ஒருங்கே முழுப் பலத்தோடு உழைக்கின்றன. ஆகவே விளையாட்டு நோயை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுக்கிறது. வீட்டுப்பட வரைபு செய்யும் பொறியியலாளரின் கணினியிலும் இதே நோய் இதே விதமாக வெளிப்படும். அவரை யாரும் திட்டுவதில்லை.

வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருளொன்றை ஓடவிட்டு, விளையாடச் சொன்னேன். புரொசஸர் 100 பாகை செல்சியஸைத் தொட்டது. அந்தப் பாகையை அடைந்ததும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படமும் திக்கித் திக்கி ஓடியது. இப்பாதுகாப்பு எக்காலத்திலும் இருந்ததன்று. 2001இல் ‘டொம்ஸ் ஹார்ட்வெயர்’ என்னும் விமர்சகர்கள், ஓடும் கணினிகளிலிருந்து குளிர்விப்பானைக் கழற்றிப் படம்பிடித்தார்கள். இன்ரெலின் பென்ரியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர்தப்பியது, ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லொன் புகைந்து கருகியது.

மின்முளையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். கணினி வைத்திருந்த யன்னலுக்கு அப்பால் வயல்; அறுவடை யந்திரம் எழுப்பிய உமித்தூசி முழுவதையும் குளிர்விசிறி உள்ளே இழுத்து வைத்திருந்தது. தூசியோடு கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளிபோலப் படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் துடைத்தோம். இவ்வேளையில் விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றடித்துச் சுழலவிடலாகாது. புரொசஸருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே பூசியிருந்த பசை, காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதனை நீக்கி, பயறளவு புதுப்பசை வைத்தோம். யன்னலோரத்திலிருந்த பெட்டியும் உட்சுவர்ப் பக்கம் இடம்மாறியது.

இப்போது வெப்பநிலை 71 பாகைக்கு மேற் செல்லவில்லை. உம்மா தேநீர் கொண்டுவந்தார். தேநீர் ஆறுமுன் கணினி அணைந்துவிட்டது, முன்னையிலும் விரைவாக!

என் முகம் சிறுத்துப்போனதை மறைப்பானேன்? ஆயினும் அந்தத் தோல்வியே ஒரு தடயமாயிற்று. உஷ்ணத்தினால் வேகங்குறைந்து ஓடிய புரொசஸர் குறைந்த மின்சாரத்தையே உண்டது. குளிர்ந்தபின் முழுவேகத்தில் ஓடி, முழுப்பங்கையும் கேட்டது. கேட்டவுடன் யந்திரம் அணைந்தது. அப்படியானால்? ஐயத்தைப் பரீட்சிக்க, விளையாட்டின் அமைப்பில் நொடிக்கு முப்பது படங்களுக்கு மேல் வரையாதபடி கட்டுப்படுத்தினோம். ஒரு மணி நேரம் ஓடியது; அணையவில்லை.

இரவு முழுவதும் ‘மெம்ரெஸ்ட்’ என்னும் சோதனையை ஓடவிட்டு, நினைவகத்திற் பிழையில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்பது என் பிடிவாதம். நான்கை ஒருங்கே மாற்றிச் சுகங்கண்டால், எந்த மருந்து வேலைசெய்தது என்று எவருக்கும் தெரியாது.

மறுநாள் பையன் கைத்தொலைபேசியில் எதையோ வாசித்துவிட்டு, “சேர், இது இன்ரெல் புரொசஸர் பிரச்சினையா இருக்குமா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசஸர்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றைப் பாவித்தோரிற் பலருக்குச் சில புதிய விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றுபோயின. திரையில் தோன்றிய செய்தியோ, ‘கிராபிக்ஸ் நினைவகம் போதாது’ என்பது! அச்செய்தியை நம்பிக் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தவர்கள் ஏமாந்தார்கள். விளையாட்டு தொடங்குமுன் நிகழும் கடுங்கணிப்பிலே புரொசஸர் பிழைவிட, அப்பிழையின் பழி அயலவனான கார்டின்மேல் விழுந்திருந்தது. 2024 யூலையில் இன்ரெல் நிறுவனம் காரணத்தை ஒப்புக்கொண்டது. புரொசஸருக்குள் இருக்கும் நுண்கட்டளை, தேவைக்கு மிஞ்சிய வோல்ற்றளவைக் கேட்டு வாங்கியதாம். ஆகஸ்ட் மாதத்திலும் செப்டெம்பர் மாதத்திலும் திருத்தங்கள் வெளிவந்தன. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டு ஐந்தாண்டாயிற்று. ஆயினும் அத்திருத்தம் இனிமேற் கெடாமற் காக்குமேயன்றி, ஏற்கெனவே கெட்ட புரொசஸரைச் சுகப்படுத்தாது. அவ்வகைக் கணினி வைத்திருக்கும் வாசகர்கள், தாய்ப்பலகை நிறுவனம் வெளியிட்ட புதிய ‘பயொஸ்’ ஏற்றப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நன்று.

நம் மாணவனுடையதோ நான்காம் தலைமுறை ஐ5-4590. இந்நோய்க்கு மிகவும் முந்தியது. ஆகவே மின்வழங்கியைத் திருப்பி, அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த அச்சுத்தாளை வாசிக்கச் சொன்னேன். ‘500 வாற்று’ என்று பெரிய எழுத்திற் பொறித்திருந்தது. “போதும்தானே சேர்?” என்றான். கீழேயுள்ள சிறிய எழுத்துகளையும் வாசி என்றேன். 12 வோல்ற்று வரிக்கு நேரே 14 அம்பியர் என்றிருந்தது. புரொசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ற்று வரியிலிருந்தே உண்கின்றன. வோல்ற்றளவை மின்னோட்டத்தாற் பெருக்கினால் வலு வரும் என்பது சாதாரணதரப் பாடம். 12ஐ 14ஆற் பெருக்கினால் 168 வாற்று. அவன் புரொசஸரின் வலு 84 வாற்று, ஜி.ரி.எக்ஸ். 1060 கார்டின் வலு 120 வாற்று. இரண்டும் கூடினால் 204.

பையன் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாடம் எழுதும்போது இவ்விரண்டும் சேர்ந்து ஐம்பது வாற்றுக்குள் அடங்கிவிடும்; சிறிய விளையாட்டுகளும் சமாளித்துவிடும். பெரிய விளையாட்டிலே 168 கொடுக்கவல்லவனிடம் 204 கேட்டால், அவன் கதவைச் சாத்திக்கொள்வதன்றி வேறென்ன செய்வான்? பெரிய எழுத்திலிருந்த 500 எந்தக் கணக்கில் வந்ததென்று அச்சுத்தாளில் எங்கும் விளக்கமில்லை.

கணக்குச் சரியென்றாலும் பரீட்சை வேண்டுமல்லவா? அயல்வீட்டு நண்பன் ஒருவனிடம் தரமான மின்வழங்கியொன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் பூட்டினோம். கட்டுப்பாட்டை நீக்கி, மூன்று மணி நேரம் ஓடவிட்டோம். ஒருமுறைதானும் அணையவில்லை. பழைய கார்ட் நிரபராதி; புதிதாக வாங்கியது மின்வழங்கி மாத்திரமே. அதன் விலை, வாங்கச்சொன்ன கார்டின் விலையில் நாலிலொரு பங்குக்கும் குறைவு.

இங்கு ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியின் கூட்டை எவரும் வீட்டிலே திறக்கலாகாது. முளையைக் கழற்றிய பின்னும் அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகள் ஆளைத் தூக்கியெறியத்தக்க மின்னேற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும். முழுதாக மாற்றலாம், பிரித்துப் பார்க்கலாகாது. அன்றியும், சுவரிலுள்ள மின்செருகியின் புவித்தொடுப்புச் சரியாக இருக்கிறதா என்று மின்னிணைப்பாளரைக் கொண்டு பார்ப்பித்தல் வேண்டும். பெட்டியைத் தொடும்போது மெல்லிய அதிர்ச்சி தெரிந்தால் அதனை விளையாட்டாக எண்ணி விட்டுவிடாதீர்கள்.

ராத்தா தமது ஆய்வைக் குறித்த தினத்திற் சமர்ப்பித்துவிட்டார். கட்டாரிலிருந்த வாப்பா தொலைபேசியில் விவரங்களைக் கேட்டுவிட்டு, விளையாட்டுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி நேரம் அனுமதி கொடுத்தாராம். உம்மாவுக்கு அது இன்னமும் சம்மதமில்லை. பையன், பழைய மின்வழங்கியின் அச்சுத்தாளைப் பக்குவமாக உரித்தெடுத்துத் தன் பௌதிகவியற் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறான்.