பீட்டிலின் முதுகில் ஒரு ஸ்பீட்ஸ்டர்

நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்து விற்றுவந்த மாக்ஸ் ஹாஃப்மன், 1950-களின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனத்தை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஆடம்பரக் கார் அல்ல, விலை குறைந்த கார். வார நாள்களில் வேலைக்கு ஓட்டிப் போகவும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் விடவும் தோதான ஒன்றை 3,000 டாலருக்குள் கொடுத்தால் அமெரிக்க இளைஞர்கள் வாங்கிக் குவிப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1954-இல் 356 ஸ்பீட்ஸ்டர் வந்தது. விலை 2,995 டாலர்.

அந்த விலைக்குக் கொண்டுவர, காரிலிருந்து எதையெல்லாம் எடுக்க முடியுமோ அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பிளாஸ்டிக் திரையைச் செருகிக்கொள்ள வேண்டியதுதான். மேலே மெல்லிய துணிக்கூரை. முன்கண்ணாடி குட்டையானது, பின்னோக்கி நன்றாகச் சாய்ந்தது, பந்தய நாளில் கழற்றி வைத்துவிடலாம். உட்கார எடை குறைந்த இரண்டு கிண்ண இருக்கைகள். இப்படிக் கழித்துக் கழித்துத்தான் அந்தத் தாழ்ந்த, உருண்டையான, எங்கும் கூர் முனை இல்லாத உருவம் கிடைத்தது. நடிகர் ஜேம்ஸ் டீன் 1955-இல் பாம் ஸ்பிரிங்ஸ் பந்தயத்தில் ஓட்டியது ஒரு ஸ்பீட்ஸ்டரைத்தான். 1958-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 4,000 கார்களே செய்யப்பட்டிருந்தன. ஏழை வீட்டுப் பிள்ளையாகப் பிறந்த அந்தக் கார் இன்று ஏலத்தில் பல லட்சம் டாலருக்குப் போகிறது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவர் மழையிலும் சந்தை நெரிசலிலும் அதை ஓட்டத் தயங்குவது இயல்பு. ஓட்டுவதற்கென்றே பிறந்த ஒரு வண்டி இப்படிக் கொட்டகையில் முடங்கிப் போனதால்தான் நகல் செய்பவர்களுக்கு வேலை வந்தது.

உலகில் நகலெடுக்கப்படும் பழைய திறந்த கார்கள் பல உண்டு. ஸ்பீட்ஸ்டருக்கு மட்டும் ஒரு தனி நியாயம் இருக்கிறது. அதன் நகல் பெரும்பாலும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடிப்பாகத்தின்மீது கட்டப்படுகிறது. அசலும் பீட்டிலின் வயிற்றிலிருந்து வந்ததே. பீட்டிலை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. போருக்குப் பிறகு அவர் மகன் ஃபெரி போர்ஷே, ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சிற்றூரில், மரம் அறுக்கும் பழைய ஆலை ஒன்றில் பட்டறை வைத்திருந்தார். புது உதிரிகள் செய்யப் பணமும் இல்லை, பொருளும் இல்லை. கைக்குக் கிடைத்த பீட்டில் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் இவற்றை வைத்தே 1948-இல் முதல் 356-ஐ உருவாக்கினார். ஸ்பீட்ஸ்டர் வந்த காலத்துக்குள் பல உறுப்புகள் போர்ஷேயின் சொந்தத் தயாரிப்பாக மாறியிருந்தாலும் அமைப்பு அதேதான். பின்புறம் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின், சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில். சக்கரங்களைத் தாங்குவது முறுக்கிக்கொண்டு திரும்பும் எஃகுத் தண்டுகள். பீட்டிலின்மேல் ஸ்பீட்ஸ்டரைக் கட்டுகிறவர் ஃபெரி போர்ஷே போன வழியில்தான் போகிறார். எனவே இந்த நகலைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பீட்டிலை வெட்டி வேறு காராக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ். படகுக்குப் பயன்படும் ஃபைபர் கிளாஸில் கூடு வார்த்து, அதைப் பீட்டிலின் உறுப்புகளோடு சேர்த்து, மணல்மேட்டில் ஓடும் ‘மேயர்ஸ் மாங்க்ஸ்’ வண்டியை 1964-இல் செய்தார். பிறகு அதைப் பலரும் வாங்கிக் கட்டும்படி, பீட்டிலின் தரைத்தகட்டையே வெட்டிக் குறுக்கி அதன்மேல் கூட்டைப் பொருத்தும் முறைக்கு மாறினார். அந்த முறை வீட்டுக் கொட்டகைகளுக்குள் பரவியது. 1970-களின் நடுவில், இத்தாலியில் இன்டர்மெக்கானிக்கா என்ற பெயரில் விளையாட்டுக் கார்கள் செய்துவந்த ஃபிராங்க் ரைஸ்னர், கலிஃபோர்னியாவில் இதே வழியில் ஸ்பீட்ஸ்டர் நகல்களைக் கட்டத் தொடங்கினார். அந்தத் தொழில் பின்னர் கனடாவின் வான்கூவருக்குப் பெயர்ந்தது. இங்கிலாந்தின் டார்செட்டில் செசில் நிறுவனமும் இதைச் செய்தது.

சரி, எப்படிக் கட்டுகிறார்கள்?

பீட்டிலின் மேற்கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் கூடு தனியாக வந்துவிடும். கீழே எஞ்சுவது ஒரு தட்டையான தரைத்தகடு. அதன் நடுவே நீளவாட்டில் ஒரு டன்னல் ஓடும். முன்முனையில் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரட்டைக் குழாய், பின்முனையில் குறுக்காக இன்னொரு குழாய், அதற்கும் பின்னால் கியர்பாக்ஸையும் எஞ்சினையும் பிடித்துக்கொள்ளும் கவை. எஞ்சினைப் போட்டால் இந்த அடித்தட்டு மட்டுமே தானாக ஓடும். நகல் கட்டுவோருக்குப் பீட்டில் வரப்பிரசாதம் ஆனது இதனால்தான். உலகம் முழுக்க 2.1 கோடிக்கு மேல் பீட்டில்கள் செய்யப்பட்டன. மெக்சிகோவில் கடைசி வண்டி 2003-இல்தான் வெளிவந்தது. உதிரிகளுக்குப் பஞ்சமே இல்லை.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,400 மில்லிமீட்டர். போர்ஷே 356-க்கு 2,100. வித்தியாசம் ஏறக்குறைய ஓர் அடி. அந்த ஓர் அடியைப் பீட்டிலின் நடுவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, முன்பாதியையும் பின்பாதியையும் மறுபடி ஒட்ட வேண்டும். கூடு வார்ப்பவரின் அளவுக்கேற்ப சில அங்குலம் கூடும், குறையும்.

இந்தக் கைவேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வழக்கமாகப் பின் குறுக்குக் குழாய்க்குச் சற்று முன்னால் வெட்டுவார்கள். டன்னல் வெறும் பெட்டி அல்ல. கியர் மாற்றும் தண்டு, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கைபிரேக் கேபிள்கள், பெட்ரோல் குழாய் எல்லாம் அதற்குள்ளேதான் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனி வழிக்குழாய் உண்டு. வெட்டும்போது அவையும் வெட்டுப்படும்; ஒட்டும்போது அவை நூல் பிசகாமல் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். பிறகு கியர்த் தண்டையும் அதே அளவுக்கு வெட்டிப் பற்றவைக்க வேண்டும். அந்தப் பற்றவைப்பில் தண்டு சற்றே சுழன்றிருந்தாலும் கியர் விழாது. விழுந்தாலும் எது இரண்டு, எது நான்கு என்று தேட வேண்டியிருக்கும்.

நல்ல பட்டறைகள் வெட்டை ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. டன்னலில் ஓரிடம், தரைத்தகட்டில் இன்னோரிடம் என்று படிப்படியாகத் தள்ளிப் போடுவார்கள். பலவீனமான கோடு ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். பற்றவைக்கும் முன் இரண்டு பாதிகளையும் அசையாத இரும்புச் சட்டத்தில் இறுக்கி, இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலைக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் அளப்பார்கள். இரு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பற்றவைப்பின் சூடு இரும்பை இழுக்கும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, மீண்டும் அளந்து, பிறகே முழுத் தையல் போடுவார்கள். இதில் அவசரப்பட்டால் முன்சக்கரத் தடமும் பின்சக்கரத் தடமும் ஒட்டாமல், கார் நேர்ச்சாலையிலேயே நண்டு போலப் பக்கவாட்டில் போகும். பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதை மறைக்க முடியாது.

அடுத்த கேள்வி விறைப்பு. பழைய கூட்டைக் கழற்றியபோதே பீட்டில் தன் பலத்தில் பெரும்பங்கை இழந்துவிட்டது. தீப்பெட்டியின் மேலுறையை உருவிவிட்டு உள்தட்டை மட்டும் முறுக்கிப் பாருங்கள், புரியும். அசல் ஸ்பீட்ஸ்டரில் எஃகு உடலும் தரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை; உடலும் சேர்ந்து பாரத்தைச் சுமந்தது. ஃபைபர் கிளாஸ் கூட்டை நம்பி அப்படிச் சுமத்த முடியாது. எனவே பக்கவாட்டில், கதவுக்குக் கீழே, சதுர எஃகுக் குழாய்களால் ஒரு சட்டம் கட்டி அதைத் தரைத்தகட்டோடு இணைக்கிறார்கள். கார்மன் நிறுவனம் கட்டிய கூரை திறக்கும் பீட்டிலிலும் இதே இடத்தில் கூடுதல் இரும்பு வைத்துத்தான் அனுப்பினார்கள். இந்தச் சட்டம் இல்லாத நகலை ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கினால் கதவு திறக்காது, திறந்தால் மூடாது.

கூடு வார்ப்பது பார்க்க எளிது. உண்மையான கார் ஒன்றின்மேல் அச்சு எடுத்து, அச்சின் உள்பக்கத்தில் மெழுகு பூசி, முதலில் வழவழப்பான மேற்பூச்சு, பிறகு கண்ணாடி நாரும் பிசினும் மாறி மாறி. உருளையால் தேய்த்துக் காற்றுக் குமிழிகளை விரட்ட வேண்டும். குமிழி தங்கிய இடம் பின்னால் வெயிலில் கொப்புளமாக எழும். அவசரமாக அச்சிலிருந்து உருவினால் கூடு தளர்ந்து வளைந்துவிடும். கதவு இடைவெளிதான் கைத்திறனைக் காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் ஒரே அகலத்தில் நூல் பிடித்தாற்போல் கோடு ஓடினால், அந்த டிங்கர் வேலை தெரிந்தவர்.

பின்புறம் வருவோம். பீட்டிலின் 1600 எஞ்சின் 50 குதிரைத்திறன் தரும். அசல் ஸ்பீட்ஸ்டரின் ஆரம்ப எஞ்சின் 55-தான். எடை குறைவான வண்டிக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். பெரும்பாலானோர் அதோடு நிற்பதில்லை. பிஸ்டனையும் சிலிண்டரையும் பெரிதாக்கி 1,776 அல்லது 1,915 கன சென்டிமீட்டருக்குக் கொண்டுபோய், இரட்டை கார்புரேட்டர் பூட்டுகிறார்கள். சக்தி ஏறும், வெப்பமும் ஏறும்.

இந்த எஞ்சினில் ரேடியேட்டரோ தண்ணீரோ இல்லை. பெல்ட்டால் சுழலும் ஒரு விசிறி மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, தகரக் கூட்டின் வழியாகச் சிலிண்டர் துடுப்புகள்மீது ஊதி, சூடானதைக் கீழே தள்ளுகிறது. மேலே குளிர், கீழே சூடு. இரண்டும் கலக்கவே கூடாது. அதற்காக எஞ்சினைச் சுற்றித் தகரமும், தகரத்துக்கும் கார் உடலுக்கும் நடுவே ரப்பர் பட்டையும் உண்டு. நகல் கூட்டின் எஞ்சின் அறை பீட்டிலின் அளவிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு விரல் இடைவெளி விட்டுப்போனாலும் கீழே தள்ளிய சூடான காற்று மேலேறி மறுபடி விசிறிக்குள் போகும். ஸ்பீட்ஸ்டரின் பின்மூடியில் காற்று நுழையும் சல்லடையும் சிறியது. பழைய எஞ்சின்களில் இன்னொரு தொல்லை: எண்ணெயைக் குளிர்விக்கும் உறுப்பு மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நின்றது. அந்தச் சிலிண்டருக்கு எப்போதும் சுட்ட காற்றுதான் கிடைத்தது. அதன் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் எரிந்துபோகும். 1971 மாடலில் ஃபோக்ஸ்வாகன் அதைத் தனி அறைக்கு நகர்த்தியது. நகலுக்குள் எஞ்சின் வைப்பவர்கள் இந்தப் பின்னாளைய அமைப்பைத் தேடி எடுப்பது இதனால்தான். மெருகேற்றிய குரோம் தகரங்களுக்குச் செலவிடும் பணத்தை ரப்பர் பட்டைக்குச் செலவிட்டால் எஞ்சின் நெடுநாள் உழைக்கும்.

ஓட்டும்போது மறக்கக் கூடாத விஷயம் ஒன்றுண்டு. எஞ்சின் பாரம் பின்னால். நீளமோ ஓர் அடி குறைந்துவிட்டது. பழைய பீட்டில் சேஸிஸாக இருந்தால் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் நிற்கின்றன. வளைவில் வேகமாக நுழைந்து சட்டென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்புறம் தூக்கிக்கொண்டு, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, வால் சுழலும். அமெரிக்காவுக்கு 1969 மாடல் முதல் போன பீட்டில்களில் பின்சக்கரங்கள் இப்படி மடங்காத அமைப்பு வந்துவிட்டது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் அந்த அடித்தட்டே நல்லது. அசலுக்கு மாறானது என்று சிலர் குறை சொல்வார்கள். உயிருக்கு உதவும் மாற்றத்தில் அசல்தன்மை பார்ப்பதை நான் ஏற்கவில்லை. சீட் பெல்ட்டுக்கும் இதையே சொல்வேன்: அது எஃகுச் சட்டத்தில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும், ஃபைபர் கிளாஸில் அல்ல.

சட்டமும் இந்தக் கலையைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முந்தைய காரின் உருவில் ஒரு சிறு நிறுவனம் ஆண்டுக்கு 325 நகல்கள்வரை கட்டி விற்க, 2015-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் வழி செய்தது. மோதல் சோதனை விதிகளிலிருந்து விலக்கு உண்டு. எஞ்சின் மட்டும் இன்றைய புகை விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டில் கட்டப்படும் பல நகல்கள் இன்னமும் பழைய பீட்டிலின் பதிவு எண்ணிலேயே ஓடுகின்றன. தாளில் அது பீட்டில்தான். அதை மறைத்து அசல் என்று விற்பது மோசடி. உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

எங்காவது இப்படி ஒரு கார் விலைக்கு வந்தால், பெயின்டின் மினுமினுப்பைப் பார்த்துத் தொகையைப் பேசிவிடாதீர்கள். முதலில் காரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, கீழே படுத்து, டன்னலின் பற்றவைப்பைப் பாருங்கள். தூக்கிய நிலையிலேயே கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து, சுற்றிலும் ரப்பர் பட்டை இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அதைக் கட்டியவர் வேலை தெரிந்தவர், தயங்காமல் வாங்கலாம்.