சிதறி வாழும் பல்கலைக்கழக ஓய்வூதியரும் சங்கத் தொடர்பும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக ஓய்வூதியர் சங்கங்களின் உறுப்பினர் பலர் பணியாற்றிய நகரை விட்டுச் சொந்த ஊர்களுக்குத் திரும்பியவர்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பகுதிகளில் வாழும் அத்தகையோரைச் சங்கத்தோடு இணைத்து வைப்பதன் தேவையையும் வழிமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஓய்வூதியர், நேர்காணல், வாழ்நாள் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், வட்டாரத் தொடர்பாளர்.

முன்னுரை

1966இல் தொடங்கப்பெற்ற மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மதுரைக்கு மேற்கே தேனிச் சாலையில் அமைந்துள்ளது. திருச்சுழியிலோ நரிக்குடியிலோ வாழும் முதியவர் அங்குச் செல்ல, முதலில் மதுரைக்கு வந்து, பேருந்து மாறி, மீண்டும் மேற்கே பயணப்பட வேண்டும். ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கும் அலுவலகமும் சங்கக் கூட்டமும் மதுரையைச் சார்ந்தே அமையும்போது, இத்தொலைவு அவரைச் சங்கத்தின் பெயரளவு உறுப்பினராக ஆக்கிவிடுகிறது.

இருவகை ஓய்வூதியர்

இவ்வட்டாரத்தில் ஓய்வுபெற்ற உயர்கல்விப் பணியாளர் இருவகையினர். அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக்கல்லூரி, சைவபானு சத்திரிய கல்லூரி ஆகியவற்றின் அரசு உதவிபெறும் பணியிடங்களில் இருந்தோர் கருவூலம் வழியாக ஓய்வூதியம் பெறுவர். பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பணியாற்றியோருக்குப் பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து வழங்குகிறது. பின்னவரின் ஓய்வூதியம் பல்கலைக்கழகத்தின் நிதிநிலையோடு பிணைந்தது. அண்மை ஆண்டுகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஓய்வூதியம் தாமதமானதும் ஓய்வூதியர் போராடியதும் நாளிதழ்களில் பதிவாகியுள்ளன. இத்தகைய வேளையில் காரணம் அறியாது வங்கிக் கணக்கை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர், தொலைவில் வாழும் உறுப்பினரே.

உறுப்பினர் தளமும் சுருங்கி வருகிறது. தமிழக அரசுப் பணியில் 1.4.2003 முதல் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தனர். ஆகவே, பழைய திட்டத்தின்கீழ் ஓய்வூதியம் பெறுவோரின் சராசரி வயது உயர்ந்துகொண்டே செல்லும். பயணம் செய்யும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும்.

பொதுநாள் மறைந்த நிலை

கருவூல ஓய்வூதியருக்கான ஆண்டு நேர்காணல் முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடைபெற்றது. சார்நிலைக் கருவூல வாயிலில் பழைய நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பையும் அம்மாதங்கள் தந்தன. யார் வரவில்லை என்பதும் அங்கே தெரிந்துவிடும். 2022இல், ஒவ்வொருவரும் தாம் ஓய்வுபெற்ற மாதத்தில் நேர்காணலை நிறைவு செய்யும் முறை வந்தது. அஞ்சல் துறை வங்கியின் வாயிலாக 70 ரூபாய்க் கட்டணத்தில் வீட்டிலேயே மின்னணு வாழ்நாள் சான்றிதழ் பெறும் ஏற்பாடும் செய்யப்பட்டது. முதியோரின் அலைச்சலைக் குறைத்த நல்ல மாற்றங்கள் இவை. எனினும், ஒருவர் தவறவிட்டதைப் பிறர் அறியும் வாய்ப்பு இவற்றால் குறைந்தது. சங்கம் தன் உறுப்பினருக்கு மாதவாரிப் பட்டியல் வைத்து, உரிய மாதம் பிறக்கும் முன்பே நினைவூட்டுவது இவ்விடைவெளியை நிரப்பும்.

உறுப்பினரிடமிருந்து இல்லத்திற்கு

தொடர்பு அறுவதால் நேரும் பெரும் இழப்பு உறுப்பினரின் மறைவுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. இறப்பு உரிய அலுவலகத்திற்குத் தெரிவிக்கப்படாவிடில், அதன்பின் கணக்கில் சேர்ந்த தொகை பின்னர்ப் பிடித்தம் செய்யப்படும். துணைவருக்கான குடும்ப ஓய்வூதியமும் தள்ளிப்போகும். பிள்ளைகள் வெளியூரில் வாழ, அலுவலக நடைமுறை அறியாத மனைவி தனித்து நிற்கும் இல்லங்களில் இது வாழ்வாதாரச் சிக்கலாகிறது. எனவே சங்கப் பதிவேட்டில் துணைவரின் பெயர், அவருடைய தொலைபேசி எண், அருகில் வாழும் உறவினர் ஒருவரின் எண் ஆகியன இடம்பெற வேண்டும். பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதியக் கொடுப்பாணை வீட்டில் எங்குள்ளது என்பதைத் துணைவர் அறிந்திருக்கச் செய்வதும் சங்கத்தின் கடமையாகும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைச் சங்கம் திரட்ட வேண்டியதில்லை.

வட்டாரத் தொடர்பாளர் முறை

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஆகிய ஊர்களுக்குத் தனித்தனியே ஒரு தொடர்பாளரை அமர்த்தலாம். அவர் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் இல்லத்தோடும் மாதம் ஒருமுறை பேசுவார். புலனக் குழுவில் இடப்படும் சுற்றறிக்கை விரைந்து செல்லும். ஆயின் அதைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாதவர் எவர் என்பதை அது காட்டாது. குரல்வழி உரையாடலில் மறுமொழி கிடைக்கிறது. மறுமொழி இல்லாதபோது நேரில் சென்று பார்க்கவும் ஆள் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை செயற்குழுவை அருப்புக்கோட்டையில் கூட்டுவதும், தீர்மானங்களின் மீது வர இயலாதோரின் கருத்தை முன்கூட்டியே பெறுவதும் அவர்களை முடிவெடுப்பில் பங்கேற்கச் செய்யும்.

முடிவுரை

ஓய்வூதியம் கருணைக்கொடை அன்று, ஆற்றிய பணிக்கான உரிமை என்பதை 17.12.1982இல் நகரா வழக்கில் உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது. தனித்தனியே நீதிமன்றத்தை அணுக இயலாத ஓய்வூதியருக்காகக் ‘காமன் காஸ்’ என்னும் சங்கமும் அவ்வழக்கில் மனுதாரராக நின்றது. கூடி வர இயலாதோரின் சார்பில் நிற்பதே ஓய்வூதியர் சங்கத்தின் அடிப்படைப் பணி என்பதை அவ்வழக்கு உணர்த்துகிறது. அப்பணிக்குத் தேவையானவை மாதவாரிப் பட்டியல், இல்லப் பதிவேடு, வட்டாரத் தொடர்பாளர் ஆகிய மூன்றுமே. பெருஞ்செலவின்றி இவற்றை நடைமுறைப்படுத்தும் சங்கம், நரிக்குடியில் வாழும் உறுப்பினரையும் பல்கலைக்கழக வாயிலில் வாழ்பவரையும் ஒரே நிலையில் வைக்க இயலும்.