நின்றுபோன டிராக்டரை ஏரில் பூட்டுமுன்

உழவுமாடு வாங்கச் செல்லுகிறவர் சுழி பார்ப்பார். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணிப்பார். நாலடி நடக்கவிட்டுக் கால் சாய்கிறதா என்று நோக்குவார். அதன் பின்னரே துண்டுக்குள் கைகோத்து விலை பேசுவது சந்தை வழக்கம். அதே மனிதர் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கச் சென்றால், "எங்கே, ஸ்டார்ட் செய்யுங்கள், பார்ப்போம்" என்கிறார். எஞ்சின் உறுமியவுடன் மனம் நிறைந்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். எஞ்சின் ஓடுவது நல்ல செய்திதான். ஆயினும், நெடுநாள் நின்றிருந்த டிராக்டரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீ ஓடுவாயா?" என்பதன்று, "ஓடினால் நிற்பாயா?" என்பதே. டிராக்டர் கவிழ்ந்து ஓட்டியவர் இறந்தார் என்னும் செய்தியை நாளிதழின் மூலையில் நீங்கள் படித்திருக்கக் கூடும். அவ்விபத்துகளுள் சில, வண்டியை ஆயத்தம் செய்த வரிசை தவறியதனால் நேர்பவை. அந்த வரிசையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை மனத்தில் கொள்வோம். 1960-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் மாசே பெர்குசன் டிராக்டர்களை இங்கேயே உருவாக்கத் தலைப்பட்டது. அவற்றுள் 1035 என்னும் எண் தாங்கிய வண்டி, மூன்று சிலிண்டர்களும் ஏறத்தாழ 35 குதிரைத்திறனும் உடையது. உரிமையாளர் மறைந்து, பிள்ளைகள் நகரத்திற்குச் சென்றுவிட, அத்தகைய வண்டியொன்று தஞ்சைப் பகுதியில் மூன்று நான்கு ஆண்டுகள் கொட்டகையில் நின்றிருக்கிறது. சிறு விவசாயி ஒருவர் கடன்பட்டு அதனை வாங்குகிறார். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் சூன் 12. அதற்குள் வண்டி சேற்றில் இறங்கியாக வேண்டும். அவருடைய அவசரம் நமக்குப் புரிகிறது. இயந்திரத்திற்குத்தான் அது புரிவதில்லை.

காகிதங்களைப் பற்றி ஓரிரு சொற்கள் போதும். பதிவுச் சான்றில் உள்ள அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30; பழைய கடன் தீர்ந்தமைக்கு வங்கி வழங்கும் படிவம் 35. இவை கைக்கு வராமல் பணம் கை மாறலாகாது.

இனி வண்டிக்கு வருவோம். சாவியை மடியில் முடிந்துகொண்டு, வண்டியை ஒரு முறை மெல்லச் சுற்றி வாருங்கள். புதுப் பெயிண்டு கண்ணுக்கு இனிது. ஆனால் எண்ணெய்க் கசிவின் தடத்தையும் வார்ப்பிரும்பின் விரிசலையும் அது மூடிவிடும். பெயிண்டு ஏறாத இடங்களே உண்மை பேசும். கிளட்ச் மிதியும் பிரேக் மிதியும் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று பாருங்கள். மணிக்காட்டி 2,000 மணி என்று கூறும்போது மிதிகள் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், நான் மிதிகளையே நம்புவேன். புகைக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும். கிளட்ச் அறைக்குள் எலி வைக்கோல் சேர்த்திருக்கும். ரேடியேட்டரின் இடுக்குகளில் பதரும் தூசும் அடைந்திருக்கும். இவற்றையெல்லாம் நீக்கிய பிறகு எண்ணெயிடம் செல்லலாம்.

எண்ணெய்தான் வண்டியின் கடந்த காலத்தை மறைக்காமல் சொல்லும் சாட்சி. அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை; டீசல் எஞ்சினில் அது இயல்பு. மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. நீர்த்துப்போய் டீசல் நாற்றம் வீசினால் எரிபொருள் எங்கோ கசிகிறது. பின்புறப் பெட்டியை இன்னும் கவனமாக நோக்க வேண்டும். இவ்வகை வண்டியில் கியர்களும், பின் அச்சின் பற்சக்கரங்களும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. கேஜ் வீல் பூட்டி ஆண்டுதோறும் சேறு கலக்கிய வண்டியில், அச்சின் சீல் தேய்ந்து சேற்று நீர் உள்ளே சென்றிருக்கக் கூடும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. நெடுநாள் நின்றால் அடியில் தங்கிவிடும். ஆகவே அடித்திருகை முழுதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். முதலில் நீர் சொட்டினால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். பழைய எண்ணெயை வடித்து, சீலை மாற்றி, புதியது ஊற்ற வேண்டும். வெறும் எண்ணெய் மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் நல்ல நீர் நிரப்புவது போன்றதாகும்.

இப்பொழுதும் எஞ்சினைத் தொட வேண்டாம். பிரேக்கையும் கிளட்சையும் சோதிப்போம். டிராக்டருக்கு இடச் சக்கரத்திற்கு ஒன்றும் வலச் சக்கரத்திற்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலின் கோடியில் வண்டியைக் குறுகத் திருப்புவதற்கு இந்த ஏற்பாடு. சாலையில் செல்லும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் பிணைத்துவிட வேண்டும். பிணைக்காமல் விரைந்து சென்று ஒன்றை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் நிற்க மறு சக்கரம் ஓடும். வண்டி சுழன்று பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பழைய வண்டிகளில் அந்தக் கொக்கி உடைந்து போயிருப்பதைப் பன்முறை கண்டிருக்கிறேன். சில ரூபாய்ப் பொருள். ஆனால் அது இன்றி வண்டியைக் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவர நான் இசைவதில்லை.

கிளட்சின் நோய் வேறு. ஈரத்தில் நின்ற வண்டியில் கிளட்ச் தகடு துருவேறி, சுழல்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மிதியை அழுத்தினாலும் பிரியாது. சோதனை எளிது. எஞ்சின் ஓடாத நிலையில், சமதரையில், மேல் கியரில் போட்டு ஒருவர் கிளட்சை முழுதும் மிதிக்கட்டும். இருவர் வண்டியைத் தள்ளட்டும். நகர்ந்தால் கிளட்ச் பிரிகிறது. நகராவிட்டால், நியூட்ரலில் வைத்து மீண்டும் தள்ளிப் பாருங்கள். அப்போது நகர்ந்தால் கிளட்ச் ஒட்டியிருக்கிறது. அப்போதும் நகராவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவையும் ஒரு துளி டீசல் செலவின்றி அறிந்துகொள்ளலாம்.

அடுத்து எரிபொருள். பழைய டீசலை முற்றிலும் வடித்து, தொட்டியின் அடியிலுள்ள நீரையும் கசடையும் கழுவி, வடிகட்டிகளை மாற்றுங்கள். அவ்வாறு கழற்றிப் பூட்டும்போது குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும் தன்மையுடையது. டீசல் ஏறக்குறைய அமுங்காதது. பம்பு எவ்வளவு தள்ளினாலும் இடையிலுள்ள காற்றுக் குமிழி ஸ்பிரிங்கைப் போல் அமுங்கி விரியுமேயன்றி, நாசில் திறக்காது. ஆகவே முதலில் வடிகட்டியின் திருகு, பிறகு பம்பின் திருகு, கடைசியில் நாசில் குழாய்களின் மூட்டு என்னும் வரிசையில் தளர்த்தி, நுரையின்றி டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதனையே நம் மெக்கானிக்குகள் "ஏர் எடுப்பது" என்பர். ஓர் எச்சரிக்கை: நாசிலிலிருந்து பீச்சும் டீசல் நம் தோலைத் துளைக்கும் அளவு அழுத்தமுடையது. கையை வைத்துப் பார்க்கவே கூடாது. தோலுக்குள் புகுந்துவிட்டால், காயம் ஊசிமுனை அளவே இருப்பினும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இங்கே, மாணவர்கள் பலர் அறியாத ஒரு செய்தியைக் கூறவேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்று மிகுதியாக அமுக்கப்படுவதனால் உண்டாகும் வெப்பமே டீசலைப் பற்ற வைக்கிறது. எனவே இத்தகைய பழைய வண்டியில் சாவியைத் திருப்பி எடுத்தாலும் எஞ்சின் நிற்காது. நிறுத்துவதற்கென்று ஒரு கம்பி இருக்கிறது. அதை இழுத்தால் பம்பு டீசல் விடுவதை நிறுத்தும். ஆனால் பல ஆண்டுகள் நின்ற வண்டியில், டீசல் பிசினாக உறைந்து, பம்புக்குள் எரிபொருளை அளந்து விடும் உறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். முழு அளவில் ஒட்டியிருந்தால் எஞ்சின் பற்றியவுடன் கட்டுக்கடங்காமல் விரைந்து சுழலும். கம்பியை இழுத்தாலும் கேளாது. சில நொடிகளில் எஞ்சின் சிதறவும் கூடும். இதற்கு ஒரே உடனடி மருந்து, காற்றை அடைப்பது. ஆகவே முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்று வடிகட்டியின் குழாயைக் கழற்றி, எஞ்சின் காற்றிழுக்கும் வாய்க்கு அருகில் ஒருவர் தட்டையான கனத்த பலகையோடு நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கலாகாது, உறிஞ்சி இழுத்துவிடும். பெரும்பாலும் அப்பலகைக்கு வேலை இராது. ஆயினும் அது இல்லாமல் நான் சாவியைத் திருப்பியதில்லை.

சாவியைத் திருப்புவது ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துதான்; கியர் நியூட்ரலில், கிளட்ச் மிதித்த நிலையில். தரையில் நின்றபடி ஸ்குரூடிரைவரால் செல்ப் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. வண்டி கியரில் இருந்தால் அது அந்தக் கணமே நகரும். நிற்பவரோ பெரிய பின்சக்கரத்தின் முன் நிற்கிறார். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எஞ்சின் பற்றியதும் சில நொடிகளுக்குள் எண்ணெய் அழுத்தமானி எழ வேண்டும்; எழாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பிறகு புகையைப் பாருங்கள். கரும்புகை காற்று போதாமையை அல்லது டீசல் மிகுதியைக் காட்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் சிறிது வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் நீடித்தால், டீசல் எரியாமல் போகிறது அல்லது நீர் உட்புகுகிறது என்று பொருள். எஞ்சின் கொதித்தால் குளிர்ந்த நீரைக் கொட்டுவது கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

எஞ்சின் தேறிவிட்டது. இனிக் கலப்பை. அயர்லாந்தில் 1884-ல் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவரே, கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர். அதற்கு முன்னர், சங்கிலியால் இழுபடும் கலப்பை கல்லில் சிக்கினால், டிராக்டரின் முன்சக்கரம் எழுந்து, வண்டி ஓட்டுநர் மீதே பின்புறமாகக் கவிழ்வதுண்டு. மூன்று புள்ளி இணைப்பில் மேல்கம்பி, கலப்பையின் எதிர்ப்பை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தை நிலத்தில் அழுத்துகிறது. ஆகவே அம்மேல்கம்பியும் அதன் முளைகளும் ஓட்டுநரின் உயிரைக் காக்கும் உறுப்புகள். முளைக்குப் பதிலாக வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டைச் செருகியிருந்தால், அதை அன்றே எடுத்தெறியுங்கள்.

பாரத்தைச் சங்கிலியால் இழுக்க நேர்ந்தால், பின் அச்சுக்குக் கீழுள்ள கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே கட்டினால் இழுவிசையே வண்டியைப் பின்னுக்குப் புரட்டிவிடும். சேற்றில் புதைந்த வண்டியை மீட்கப் பின்சக்கரங்களில் மரக்கட்டையைக் கட்டும் வழக்கம் இதனினும் கொடியது. கட்டை தடுப்பதால் சக்கரம் சுழல இயலாது. எஞ்சினோ சுழற்றியே தீரும். அப்போது வண்டியின் உடல்தான் அச்சைச் சுற்றி மேலெழும். ஓட்டுநர் உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தாலும் நசுங்காத காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பின் அங்கே இவ்வகை மரணங்கள் பெரிதும் குறைந்தன. நம் பழைய வண்டிகளில் அச்சட்டம் இல்லை. பணம் மிஞ்சினால் புதுப் பெயிண்டைவிட அதற்கே செலவிடலாம் என்பது என் கருத்து.

பின்புறம் சுழலும் பி.டி.ஓ. தண்டைப் பற்றி ஒரு சிறு கணக்கு. அது நிமிடத்திற்கு 540 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 9 முறை. தண்டின் குறுக்களவு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். சுற்றளவு 11 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: வேட்டியின் முனையோ முந்தானையோ சிக்கினால், ஒரு விநாடிக்கு ஒரு மீட்டர்த் துணியை அது சுற்றிக்கொள்ளும். பழைய வண்டிகளில் தண்டின் மேலுறை பெரும்பாலும் காணாமற் போயிருக்கும். புதியது வாங்கி மாட்டும் வரை ரோட்டவேட்டரைப் பூட்ட வேண்டாம்.

முதல் நாள் உழவு இலேசான நிலத்தில், ஆழமின்றி, ஓரிரு மணி நேரம் போதும். பின்னர் நிறுத்தி, சக்கரங்களின் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். புது எண்ணெயின் அளவைப் பாருங்கள். ஒவ்வோர் அச்சின் அருகிலும் கையால் தொட்டு எங்கே சூடு மிகுகிறது என்று அறியுங்கள். சேற்றில் இறங்கிய நாளில் மாலையே கழுவி, பிரேக் மிதிகளை நாலைந்து முறை மிதித்து வண்டியை மெல்ல ஓட்டி, உள்ளே தங்கிய ஈரத்தை உலர்த்திவிட்டுக் கொட்டகையில் நிறுத்துங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் விடாமல் தரையில் இறக்கிவைத்து, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிடுங்கள்.