கத்தரிக்காய்க்குள் ஒரு புது ஜீன்!

கடையில் பளபளவென்று இருக்கும் கத்தரிக்காய், வீட்டுக்கு வந்து நறுக்கினால் உள்ளே புழு நெளியும்! "பாதி குப்பைக்குத்தான்" என்று அலுத்துக்கொள்ளாத இல்லத்தரசி உண்டா? இந்தப் புழுவுக்குப் பயந்துதான் விவசாயிகள் பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள். அந்தக் காயைத்தான் நாம் குழந்தைக்கும் ஊட்டுகிறோம்.

செடியே புழுவைக் கொன்றுவிட்டால்? விஞ்ஞானிகள் யோசித்தது இதைத்தான்.

ஜீன் என்பது என்ன?

உங்கள் குழந்தைக்கு அப்பாவின் மூக்கும் பாட்டியின் சுருட்டை முடியும் வந்திருக்கிறதல்லவா? அந்த ஜாடையைக் கொண்டு வருவது ஜீன். மண்ணில் வாழும் 'பி.டி.' என்ற பாக்டீரியாவிடம், புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கும் ஜீன் இருக்கிறது. அதைக் கத்தரிக்குள் வைத்தார்கள்.

எப்படி வைப்பது?

'அக்ரோபாக்டீரியம்' என்ற கிருமி, காயம் பட்ட செடிக்குள் தன் ஜீன்களைச் செலுத்திக் கழலையை உண்டாக்கும். கழலை உண்டாக்கும் ஜீன்களை நீக்கிவிட்டு, வேண்டிய ஜீனை அதனிடம் கொடுத்தனுப்பினால், தபால்காரர் மாதிரி கொண்டு சேர்த்துவிடும்! பி.டி. கத்தரி உருவானது இப்படித்தான். நுண்ணிய தங்கத் துகள்களில் ஜீனைப் பூசி, 'ஜீன் துப்பாக்கி'யால் செடியின் செல்களுக்குள் செலுத்துவது இன்னொரு முறை.

பிராணிகளுக்கோ, கருவுற்ற முட்டைக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் ஜீனைச் செலுத்துவார்கள். இப்படி மனித ஜீன் பெற்ற வெள்ளாடுகளின் பாலிலிருந்து ஒரு மருந்து எடுத்தார்கள். பரம்பரைக் குறையால் ரத்தம் எளிதில் உறையும் பெண்களைப் பிரசவத்தின்போது காக்கும் அந்த மருந்துக்கு அமெரிக்கா 2009-ல் அனுமதி தந்தது.

சாப்பிட்டால் நமக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. எந்தக் காயிலும் ஜீன் உண்டு, வயிற்றில் ஜீரணமாகிவிடும். கீரை தின்றவள் பிள்ளை பச்சையாகவா பிறக்கிறது? பி.டி. புரதமும் சில வகைப் பூச்சிகளின் குடலில்தான் வேலை செய்யும். அது ஒட்டிக்கொள்ளும் இடம் நம் குடலில் இல்லை.

ஆனாலும் கேள்விகள் உண்டு. நீண்டகாலச் சோதனை போதுமா? மகரந்தம் பரவி நாட்டு ரகங்களில் கலந்துவிடாதா? விதைக்குக் கம்பெனியையே நம்பியிருக்க வேண்டுமா? 2009 அக்டோபரில் நிபுணர் குழு சம்மதித்தும், 2010 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்தார். பங்களாதேஷிலோ 2014 முதல் விவசாயிகள் பயிரிடுகிறார்கள்.

நம் அடுப்படிக்கு என்ன செய்யலாம்? நறுக்குவதற்கு முன்பே கத்தரிக்காயை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலே படிந்த மருந்து ஓரளவு போகும். உள்ளே இறங்கியது போகாது. அதனால்தான் புது விதை, பழைய மருந்து இரண்டையுமே கேள்வி கேட்க வேண்டும். சமைப்பவள் கேட்காமல் வேறு யார் கேட்பது?