ஒரு டீஸ்பூன் தண்ணீர்

கடலூர் முதுநகரில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரத்த வாடை அடித்தது. புறா ரத்தம். வாதம் விழுந்த கையில் அதைத் தேய்த்தால் உணர்ச்சி திரும்பும் என்று எங்கள் பக்கத்தில் இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. "தேய்ச்ச வரைக்கும் போதும்க்கா, வெந்நீர்ல துடைச்சு விட்டுடுங்க" என்று சொல்லிவிடுவேன். அது தோலோடு நின்றுவிடும் சமாச்சாரம். எனக்குப் பக்கென்றது கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளரைப் பார்த்துத்தான். பாதி காலியான காபி. மல்லாந்து படுத்திருக்கிற மனுஷனின் வாயில் யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூர் வரை வீடு வீடாகப் போய்ப் பக்கவாதக்காரர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருஷம் தாண்டிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் என்று எத்தனை முறை சொன்னாலும் 'டாக்டரம்மா'தான். திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துப்போனது. இத்தனை வருஷமாக ஒரு கேள்வி மட்டும் கூடவே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. முதல் நாள் கண்டத்தைத் தாண்டி, கண் திறந்து, நாலு வார்த்தை பேசியவர் மூன்றாம் நாள் ஏன் மோசமாகிறார்? இரண்டாவது வாரத்தில் ஏன் 'சளி கட்டி'ப் போய்ச்சேருகிறார்?

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான பக்கவாதம் வருகிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசியும். வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க மருத்துவர் 2006இல் கணக்குப் போட்டார். கிள்ளையில் ஒருவருக்கு வாய் கோணி, 'விடியட்டும், பார்க்கலாம்' என்று வீட்டில் முடிவெடுக்கிற இரவை அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. 108ஐ உடனே கூப்பிடுங்கள் என்று இப்போது ஊர் ஊராகச் சொல்கிறார்கள், நல்லது. அடைப்புக்குப் பிந்தைய நாட்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அதைத் தேடப்போய்த்தான் திருமா ஆறுமுகம் என்ற நரம்பியல் விஞ்ஞானியின் ஆய்வுகள் கண்ணில் பட்டன. தமிழ்ப் பெயராக இருந்ததால் நின்று படித்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம், அமெரிக்காவில் மார்க் மேட்சனின் ஆய்வுக்கூடம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தவர், கேள்வியை மட்டும் மாற்றவில்லை. ரத்தம் கிடைக்காமல் சாகிற அணுக்கள் சாகட்டும். ரத்தம் திரும்ப வந்த பிறகும் பக்கத்து அணுக்கள் ஏன் சாகின்றன?

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தானே புயல் போதும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பல நாள் கரண்ட் இல்லை. திரும்ப வந்த அன்று எங்கள் தெருவில் ஆரவாரம். அரை மணி நேரத்தில் மூன்று வீட்டு மோட்டார் எரிந்து போனது. புயலுக்குத் தப்பிய மோட்டார்கள், கரண்ட் வந்த வேகத்தில் போயின. அடுத்து ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். தெருவை மறித்து விழுந்து கிடந்த வேம்பை வெட்டினார்கள். வெட்டின கையோடு, ஒரு கிளை மட்டும் முறிந்து நின்றுகொண்டிருந்த எங்கள் பலாவையும் சாய்த்துவிட்டார்கள். 'இதுவும் விழுந்துடும்மா' என்றார் ஒருவர். அந்தப் பலா விழுந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூளைக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள் உண்டு. அவற்றுக்கு 1919இல் பெயர் வைத்தவர் ரியோ ஓர்டேகா என்ற ஸ்பானியர். அடைப்பு வந்த சிறிது நேரத்திலேயே அவை விழித்துக்கொண்டு ரசாயன அழைப்பு விடுக்கின்றன. ரத்தக்குழாயின் உள்சுவர் பிசின்போல் ஒட்டத் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருந்த வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, சில மணி நேரத்தில் சுவரைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. சாதாரண நாளில் ரத்தத்தில் இருக்கும் கண்டதும் மூளைக்குள் போய்விடாமல் காக்கும் தடுப்பு தளர்கிறது. மூளை வீங்குகிறது. மூன்றாம் நாள் நோயாளி மோசமாவதற்கு இந்த வீக்கம் ஒரு முக்கியக் காரணம்.

ஆறுமுகமும் கூட்டாளிகளும் இந்த ரம்பக்காரர்களை எங்கெங்கே நிறுத்தலாம் என்று பார்த்தார்கள். நாட்ச் என்ற சமிக்ஞைப் பாதை சேதத்தைக் கூட்டுகிறது என்று 2006இல் எலிகளில் காட்டினார்கள். தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலினை ஊசியாகப் போட்டால் எலி மூளையில் சேதம் குறைகிறது என்று 2007இல் வெளியிட்டார்கள். இன்ஃப்ளமசோம் என்று ஒன்று இருக்கிறது: ஆபத்து வந்தால் அணுவுக்குள் சில புரதங்கள் ஒன்றுகூடி அடிக்கிற மணி. அந்த மணி அடித்தால் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் வெளியே கொட்டும், அணுவும் வெடித்துச் சாகும். அதே ஊசி இந்த மணியையும் அடக்குகிறது என்பது 2013இல் வந்த முடிவு. விட்டுவிட்டுப் பட்டினி போட்ட எலிகளுக்குப் பக்கவாதச் சேதம் குறைவு, ஆனால் வயதான எலிகளுக்கு அந்தப் பலன் அவ்வளவாக இல்லை என்றும் கண்டார்கள். இதைச் சொன்னால் சஷ்டி விரதக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதெல்லாம் எலிக்கு, சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன்.

அப்படியானால் வெள்ளணுக்களை வாசலிலேயே மறித்துவிட்டால் என்ன? மறித்தும் பார்த்தார்கள். என்லிமோமாப் என்ற மருந்து அவை சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும். 625 நோயாளிகளிடம் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள்: மருந்து வாங்கியவர்களில்தான் சாவு அதிகம், காய்ச்சலும் அதிகம். அந்த மருந்து எலியின் எதிர்ப்பொருள். மனித உடம்பு அதையே எதிரியாக நினைத்துச் சீறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு எங்கள் தெரு வேம்பு ஞாபகம் வந்தது. ரம்பக்காரர்கள் வராமலே இருந்திருந்தால் அது இன்னும் எத்தனை நாள் தெருவை மறித்துக் கிடந்திருக்கும்? செத்த திசுவை அள்ளிச் சுத்தம் செய்வதும், பிறகு புண் ஆறக் கைகொடுப்பதும் இதே அணுக்கள்தான். எதை, எந்த நாளில், எவ்வளவு அடக்குவது என்பதில்தான் உலகம் பூராவும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

என் அப்பா விஷயம் இதற்கு நேர் மாறானது, அங்கே காவல் படுத்துவிட்டதுதான் வினை. 1998, மார்கழி, புவனகிரி. வலப் பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, தெம்பு வரட்டும் என்று ஹார்லிக்ஸ் ஆற்றி, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு முறை லேசாக இருமினார். கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு மிச்சத்தையும் கொடுத்தேன். பதினோராம் நாள் மூச்சு வாங்கியே போனார்.

மூளையில் தீ எரிகிறபோது உடம்பின் மற்ற பகுதிகளில் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடுகிறது. இதை பெர்லின் ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். பக்கவாதம் வந்த எலிகளுக்கு மண்ணீரலில் நிணஅணுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன, நுரையீரலில் கிருமி புகுந்தது. அபாயக் காலத்தில் சுரக்கும் அட்ரினலின் வகைச் சுரப்புகளுக்கு இதில் பெரிய பங்கு. அவற்றின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் கொடுத்தபோது எலிகள் தொற்றிலிருந்து தப்பின. ஆக, விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் வழியவிடும் தொண்டை ஒரு பக்கம், காவல் இல்லாத நுரையீரல் மறுபக்கம். நடுவில் என் ஹார்லிக்ஸ்.

முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். நெதர்லாந்தில் 2,500க்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் செய்தார்கள், இங்கிலாந்திலும் செய்தார்கள், 2015இல் முடிவுகள் வந்தன. நிமோனியா குறையவில்லை, எழுந்து நடமாடியவர்கள் கூடவும் இல்லை. பலன் கொடுத்தது என்ன தெரியுமா? ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்ட்ரா மிடில்டன் நடத்திய ஆய்வு, 2011இல் வந்தது. சில பிரிவுகளின் நர்சுகளுக்கு மூன்றே வேலைகளைக் கறாராகப் பழக்கினார்கள்: காய்ச்சலைப் பார்த்து இறக்குவது, சர்க்கரையைப் பார்த்து இறக்குவது, விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் வாயில் எதுவும் கொடுக்காமலிருப்பது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் கவனித்த இடங்களில் நூற்றுக்கு 58 பேர் இறந்தோ பிறர் கையை எதிர்பார்த்தோ இருந்தார்கள். பழக்கிய இடங்களில் 42 பேர். புது மருந்து ஒன்றுகூட இல்லை. இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

முதுநகர் வீட்டில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்தோம். முதுகுக்கு இரண்டு தலையணை, விழுந்த பக்கத்துக்கு ஒன்று. டீஸ்பூனில் தண்ணீர் எடுத்தேன். உதட்டருகே கொண்டுபோனதும் வாயைத் திறந்தார். குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். ஏறியது, ஆனால் தாமதமாக. "அண்ணே, ஆ சொல்லுங்க." சொன்னார், குரல் தெளிவு. இரண்டாவது ஸ்பூன். "ஆ." இந்த முறை கொழகொழவென்று, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல். மூன்றாவதில் இருமினார். நிறுத்திவிட்டேன்.

"அக்கா, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் மூக்கு வழியா ட்யூப் போடணும். அதுவரைக்கும் வாய்ல ஒரு சொட்டுகூட வேணாம்."

"காபிகூடவா, டாக்டரம்மா? அவரு காபி இல்லாம இருக்க மாட்டாரே."

"காபிதான்க்கா முதல்ல வேணாம்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கழுவி, திண்ணையில் கவிழ்த்து வைத்தார்.