துளைபட்ட இலை: மாவோரி மருத்துவ மரபில் கவாகவா

நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரி மக்கள் தம் மரபு மருத்துவத்தை 'ரோங்கோவா' என்பர். அம்மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் செடிகளுள் ஒன்று கவாகவா. மிளகும் வெற்றிலையும் அடங்கிய பைப்பர் பேரினத்தைச் சார்ந்தது. இதய வடிவ இலையும் புடைத்த கணுக்களும் உடையது. ஆயின் கொடியாகப் படராது குறுமரமாக நிற்பது. இதன் மருத்துவப் பயன்களைப் பட்டியலிடுதல் எளிது. அப்பயன்களைத் தாங்கிநின்ற அறிவுமுறை யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பெயரே முதற்சான்றாகிறது. மாவோரி மொழியில் 'கவா' என்பது கசப்பைக் குறிக்கும். பிற பொலினீசியத் தீவுகளில் இதன் இணைச்சொல்லான 'காவா', இதே பேரினத்துச் செடி ஒன்றையும் அதன் வேரிலிருந்து செய்யப்படும் சடங்குப் பானத்தையும் சுட்டும். அச்செடி நியூசிலாந்தின் குளிரில் விளையவில்லை. கடல் கடந்து வந்து குடியேறியோர், அதனை ஒத்த செடியைக் கண்டு பழஞ்சொல்லை இரட்டித்துப் பெயரிட்டனர் எனக் கொள்ளலாம். 1786இல் கியார்க் ஃபார்ஸ்டர் இதற்கு இலத்தீனப் பெயர் சூட்டுமுன்பே, உறவறிந்து பெயரிடும் வகைப்பாடு ஒன்று இங்கு நிகழ்ந்துவிட்டது.

பல்வலிக்கு இலையை மெல்லுதல், காயத்திற்கும் வீக்கத்திற்கும் இலையை வாட்டிக் கட்டுதல், வயிற்று நோய்க்கும் கட்டிகளுக்கும் கொதிநீரில் இட்டுப் பருகுதல், மூட்டுவலிக்கு வேது பிடித்தல் ஆகியன பரவலாகப் பதிவானவை. இலையில் மிரிஸ்டிசின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. சாதிக்காயிலும் காணப்படும் இது, பல் மருத்துவத்தில் பயன்படும் கிராம்பெண்ணெயின் யூஜினாலுக்கு வேதியியல் உறவுடையது. பல்வலிப் பயன்பாடு தற்செயலன்று என எண்ண இஃது இடம் தருகிறது.

இலையைத் தெரிவுசெய்யும் முறை இன்னும் நுட்பமானது. ஒருவகை அந்துப்பூச்சியின் புழு கவாகவா இலையைத் துளைத்துத் தின்னும். வெற்றிலைக் கட்டில் பூச்சி அரித்த இலையைக் கழித்துப் பழகிய நமக்கு வியப்பாயினும், மாவோரி மருத்துவர் துளை மிக்க இலையையே நாடுவர். புழு விரும்பும் இலையே வீரியமுடையது என்பது அவர்தம் துணிபு. பறிக்குமுன் 'கரக்கியா' எனும் வழிபாட்டுரை ஓதப்படும்; செடியை மொட்டையாக்குதல் ஆகாது. இறப்புச் சடங்கில் துயருறுவோர் தலையில் சூடுவதும் இவ்விலைமாலையே. எனவே இதனை மருந்து என மட்டும் வகுத்தல் குறையுடைத்து.

இவ்வறிவைக் காத்தவர் 'தொகுங்கா' எனப்படும் வல்லுநர். அவர்தம் தொழிலைத் தடுக்க 1907இல் தொகுங்கா ஒடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. முன்மொழிந்தவர் மாவோரித் தாய்க்குப் பிறந்த அமைச்சர் ஜேம்ஸ் கரோல். மாவோரி மருத்துவரான மாவி போமாரேயும் ஆதரித்தார். தொற்றுநோய்களால் தம் மக்கள் மடிந்த காலத்தில் அவர்கள் கொண்ட அச்சத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. தண்டிக்கப்பட்டோர் சிலரே. எனினும் வெளிப்படையாகக் கற்பிக்கவேண்டிய ஒன்று மறைவிற்குச் சென்றது. சட்டம் 1962இல்தான் நீங்கியது.

நாட்டுத் தாவரங்கள் பற்றிய மரபறிவின்மீது மாவோரியருக்குள்ள உரிமையை வலியுறுத்தி 1991இல் வைட்டாங்கி தீர்ப்பாயத்தில் 'வை 262' என்னும் முறையீடு தொடுக்கப்பட்டது. 2011இல் வெளிவந்த அறிக்கை ரோங்கோவாவிற்குத் தனி இயலே ஒதுக்கியுள்ளது. இன்று கவாகவாத் தேநீரும் களிம்பும் கடைகளில் விற்கப்படுகின்றன. அப்பொதிகளில் இலை உண்டு. எந்த இலையைப் பறிப்பது, எவ்வளவு பறிப்பது என்னும் அறிவு இன்றும் பறிப்பவரிடமே உள்ளது.